எடு, வை

அருள்புரம்
22-11-92, ஞாயிறு

அன்புள்ள சாரதாமணி கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நாக்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீ சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்போடு இதைத் தொடங்குகிறேன். நீ பத்தாம் தேதி எழுதிய கடிதம் பதினாலாம் தேதியே கிடைத்துவிட்டது. வேலை அதிகம், அதனால் பதில் போட முடியவில்லை என்று எழுத ஒரு இன்லண்டு லெட்டரை எடுத்தேன், மூன்று வரி எழுதிக் கிழித்துவிட்டேன். அது பொய். இந்த மாதம் ஒரு பொய் போதும்.

முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை பல்லடம் வரைக்கும் வந்து நமக்கு வராமல் போய்விட்டது, தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறது. அப்பா நிற்கிற நிட்டிங் கம்பெனியில் புது மெஷின் இறக்கியிருக்கிறார்கள், நாள் முழுக்க அதன் பக்கத்தில் நிற்பதால்தான் முழங்கால் வலி, தைலம் போட்டுவிடுகிறேன். பொங்கலூர்ச் சித்தி பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். உனக்கு எப்போது என்று என்னைக் கேட்டாள், படிப்பு முடியட்டும் என்று சொன்னேன். எனக்கும் உனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம், பஸ்ஸில் இன்னும் அக்கா தங்கையா என்று கேட்கிறார்கள், அதனால்தானோ என்னவோ உன்னிடம் எதையும் அதட்டிச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. மறைத்தும் பழக்கம் இல்லை என்றுதான் இந்த மாதம் வரை நினைத்திருந்தேன்.

ஜூன் லீவில் நீ நான் டைப் அடிக்கிற பனியன் கம்பெனிக்கு வந்து கம்ப்யூட்டரில் இரண்டு கட்டளை செய்து கொடுத்துவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். டாஸ் கட்டளையை நீளமாக அடிக்க எனக்குச் சிரமமாக இருக்கும் என்று, இங்கிலீஷ் எழுத்திலேயே ‘எடு’ என்று அடித்தால் கம்ப்யூட்டரில் இருப்பது பிளாப்பிக்குப் போகும்படியும், ‘வை’ என்று அடித்தால் பிளாப்பியில் இருப்பது கம்ப்யூட்டருக்குத் திரும்பி வரும்படியும் செய்தாய். பேக்கப் எடு, திருப்பி வை, அவ்வளவுதான் அம்மா என்று சொன்னாய். ‘வை’ அடித்தால் மட்டும் திரையில் ஒரு வரி வந்து நிற்கும்படி வைத்திருந்தாய். “அம்மா, யோசிச்சியா? பழசு வந்து புதுசு மேல ஏறிக்கும். வேண்டாம்னா கண்ட்ரோல் சி.” அதைப் படித்துவிட்டு ஒரு கீயைத் தட்டினால்தான் மேலே போகும்.

ஆகஸ்டில் ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் ஒரு ஃபைல் கெட்டுவிட்டது, ‘வை’ போட வேண்டி வந்தது. உன் வரி திரையில் வந்து நின்றபோது செக்கிங்கில் இருக்கிற ஆயம்மாள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அக்காவை அந்தப் பொட்டியே அம்மாங்குது, சோறு ஊட்டிவிட்டுப் போங்க என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஒரு வாரம் வரைக்கும் டிபன் பாக்ஸைத் திறந்தால் பொட்டிக்கு ஒரு வாய் என்பார்கள். அவர்கள் வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த இடத்தில் நான் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியவள், மத்தியானம் புத்தகம் படிக்கிறவள், கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள். யோசித்தாயா என்று என்னைப் போய் ஒரு மெஷின் கேட்பதா என்று இருந்தது. நீ விட்டுப்போன புத்தகத்தில் ஃபைலைத் திருத்துகிற எட்லின் பாடத்தைப் பார்த்து, உன் ‘வை’யைத் திறந்து, அந்த வரியையும் கீயைத் தட்டச் சொல்லும் அடுத்த வரியையும் நானே அழித்தேன். அழிக்கத் தெரிந்ததில் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. உனக்கு எழுதவில்லை.

இந்த மாதம் ஏழாம் தேதி, சனிக்கிழமை. அந்த வாரம் முழுவதும் ஜெர்மனி ஆர்டருக்குக் குழந்தை பனியன் அளவுகள் ஃபேக்ஸில் மாறி மாறி வந்தன, கழுத்து, தோள், நீளம் என்று எல்லா சார்ட்டையும் திருத்தி அடித்து வைத்திருந்தேன். சாயங்காலம் கரண்ட் விட்டு விட்டு வந்தது. முதலாளி வாசலிலிருந்தே, “அம்மிணி, போறதுக்குள்ள எல்லாத்தையும் பத்தரமா வெச்சுப்போடுங்க” என்றார். நானும் வைக்கத்தான் உட்கார்ந்தேன். கை ‘வை’ என்று அடித்துவிட்டது. முதல் பிளாப்பியைப் போடு என்று கேட்டது, போட்டேன். எடுக்கும்போதும் அப்படியேதான் கேட்கும். ஃபைல் பெயர்கள் வரிசையாக ஓடின. எடுக்கும்போதும் அப்படியேதான் ஓடும். இரண்டாவது பிளாப்பி கேட்டபோதுதான் மேலே ‘ரெஸ்டோரிங்’ என்று இருப்பதையும், போன மாதம் எடுத்த பழசு திரும்ப ஏறிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். கண்ட்ரோல் சி எனக்குத் தெரியும் கண்ணு. நிறுத்தினால் பாதி பழசு பாதி புதுசாகிவிடும், யாராவது கேட்பார்கள் என்று பயந்து மூன்று பிளாப்பியையும் வரிசையாகப் போட்டு முடித்தேன். வாரம் முழுக்க அடித்தது போய்விட்டது. மெஷினை அணைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நிதானமாக நடந்து வந்தேன்.

திங்கட்கிழமை நேரத்தில் போய் ஃபேக்ஸைப் பார்த்துத் திரும்ப அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையே போயிருக்கலாம், கம்பெனி நடக்கிற தூரம்தான், வாட்ச்மேன் திறந்துவிட்டிருப்பார். போய் ஏன் என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டியிருக்குமே என்று போகவில்லை. அன்று முழுக்க ஒரு நாவல் படித்தேன். கதை ஞாபகம் இல்லை, பக்கங்களைத் திருப்பியது ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் கட்டிங் மாஸ்டர் கந்தவேல் அவசரம் என்று கேட்டு, முதலாளியே மெஷினைப் போட்டுக் கழுத்து சார்ட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கத்தி ஓடுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. உள்ளே ஓடிச் சொல்லியிருந்தால் பாதித் துணியாவது மிஞ்சியிருக்கும். நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்து ஃபேக்ஸை வரிசைப்படுத்தினேன்.

புதன்கிழமை தைத்த பீஸ் செக்கிங்குக்கு வந்தது. ஆயம்மாள் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்து, “இதைப் போடோணும்னா கொழந்தை தலையைக் கழட்டி வெச்சுப்போட்டுத்தான் வரோணும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் முதலாளி ஸ்கேலை வைத்து அளந்தார், யாரும் சிரிக்கவில்லை. கந்தவேலை எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த மனிதர் சார்ட்டை எடுத்து நீட்டினார். முதலாளி சார்ட்டோடு என் மேஜைக்கு வந்து நின்றார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும். “பாப்பா எழுதிக் குடுத்த புரோகிராம்ல கோளாறுங்க. ஒரு எச்சரிக்கைகூட வெக்காம எழுதியிருக்கறா, எனக்குத் தெரியலீங்க.” முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாம். நான் அழித்ததையே உன் குறையாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. படிக்கிற புள்ளை, விடுங்க அம்மிணி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நீ உன் கடிதத்தில் கேட்டிருந்தாய், கோயம்புத்தூர்க் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆறு மாத புராஜெக்டுக்கு முதலாளி மாமா பேசிவிட்டாரா, காலேஜில் கடிதம் கொடுக்க வேண்டும், கிடைத்தால் ஜனவரியில் வீட்டுக்கே வந்துவிடுவேன் என்று. பேசியிருந்தார் கண்ணு, கிடைத்தும் இருந்தது. பதிமூன்றாம் தேதி அந்தக் கம்பெனிக்காரர் வேறு வேலையாக வந்தவர், டீ சாப்பிடும்போது பனியன் கதையைக் கேட்டிருக்கிறார். எச்சரிக்கை வைக்காமல் எழுதுகிற பெண்ணை நான் எப்படிக் கஸ்டமர் மெஷினில் கை வைக்க விடுவது என்றாராம். முதலாளி வருத்தத்தோடுதான் என்னிடம் வந்து, பாப்பாவை வேற எடம் பார்த்துக்கச் சொல்லிருங்க என்றார். மறுநாள் உன் கடிதம் வந்தது. அப்பாவிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர், பொண்ணுகிட்டச் சொல்லாதே, மனசு ஒடஞ்சிரும், வேற எடம் கிடைக்காதா என்றார். உன்னை நினைத்துச் சொன்னார். எனக்கு வசதியாக இருந்ததால் நானும் ஒரு வாரம் அதில் ஒண்டிக்கொண்டேன்.

நேற்றுக் காலை முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னேன். வரி இருந்தது, அழித்தது நான், தப்பாக அடித்தது நான், சனிக்கிழமையே தெரியும் என்று எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். “ஏனுங்க அம்மிணி, புள்ளைக்கு எடம் போச்சுன்னு பழியைத் தூக்கித் தலையில வெச்சுக்கறீங்க. எந்தத் தாயும் இதைத்தானுங்க சொல்லுவா.” சத்தியம் செய்தேன், இன்னும் அதிகமாக நம்பினார், அவர் நம்புவதை. மெஷினில் காட்டலாம் என்று பார்த்தால் நம் கம்ப்யூட்டருக்குக் கடிகார பேட்டரி செத்து வருஷம் ஆகிறது, எல்லா ஃபைலும் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி எழுதியதாகத்தான் காட்டுகிறது. அழித்த வரிக்கு அடையாளம் ஏது? ஆனாலும் மனம் இளகி அங்கேயே கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். டிசம்பர் ஐந்து வரை அந்த இடத்துக்கு வேறு ஆள் போட மாட்டேன், ஆனால் தாய் சொல்வதை வைத்து எடுக்க முடியாது என்றாராம் அந்தக் கம்பெனிக்காரர். மத்தியானத்துக்குள் இது செக்கிங் வரை போய்விட்டது. ஆயம்மாள் கடையிலிருந்து டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்து, பெத்தா உங்களை மாதிரிப் பெக்கோணும் அக்கா என்று கண் கலங்கினாள். கந்தவேல்கூட எழுந்து நின்றார், என்னால் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்தவர். நான் இல்லை இல்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் மேல் மரியாதை கூடியது. கடைசியில் அந்த டீயைக் குடித்தேன்.

அதனால்தான் உன் உதவி வேண்டும், இதைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அந்த ‘எடு’, ‘வை’ இரண்டையும் காலேஜில் ரிக்கார்டு நோட்டில் எழுதிக் காட்டியதாகவும், அம்மா யோசிச்சியா என்ற வரியைப் பார்த்து உன் சார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டதாகவும் ஜூலையில் எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தில் தேதி இருக்கும். நான் தப்பாக அடித்த அந்தச் சனிக்கிழமைக்கு நாலு மாதம் முந்தைய தேதி. அதை நேற்று ராத்திரிதான் உன் பழைய கடிதங்களைப் புரட்டும்போது கண்டுபிடித்தேன். அந்தப் பக்கத்தை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை முதலாளிக்கும் ஒன்றைக் கோயம்புத்தூருக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அங்கே பேர் கெடக் கூடாது, வேலைக்குப் பங்கம் வரக் கூடாது என்று, தப்பு என்னுடையதுதான் என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு வேறு இடம் தேடப் போவாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். அதைச் செய்யாதே. அதைச் செய்தால் நான் சொன்ன பொய்க்கு நீ கையெழுத்துப் போட்டது போல் ஆகிவிடும், அப்புறம் யார் வந்தாலும் அதை அழிக்க முடியாது. கம்பெனியில் என்னை என்ன நினைத்தால் என்ன, இருக்கச் சொன்னால் இருப்பேன், போகச் சொன்னால் வேறு இடத்தில் டைப் அடிப்பேன். என் மேல் கோபமாக இருந்தால் கோபமாகவே இரு, சீக்கிரம் மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே. பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம், அல்லது பேசாமல்கூட இருக்கலாம், வந்தால் போதும்.

காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. சிவன்மலை முருகன் உன்னைக் காப்பான், நினைத்த இடத்தில் நீ நன்றாக வருவாய், அப்பாவும் அப்படியே சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணு. உறையின் மேல் முதலாளி மருதாசலம் பெயரை எழுது, அவர் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். என் பெயருக்கு அனுப்பாதே. ஆபீஸ் தபாலை முதலில் பிரிப்பது நான்தான். என் பெயரில் வந்து, என் கைக்குள் இருந்தால், அதை அவர் மேஜை வரை கொண்டுபோவேனா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

உன் அம்மா,
பூவாத்தாள்