குளிரறைச் சாவி

ஜனவரி 9

கிருமி வளர்க்கும் தட்டுகளில் இன்றும் ஒன்றும் முளைக்கவில்லை. முன்பு ஆஸ்பத்திரி லேபில் இருந்தபோது, சாயங்காலம் தடவினால் காலையில் தட்டு நிறைந்திருக்கும். அந்தக் கிருமிகளுக்கு உடம்புச் சூடு வேண்டும். இவை மலை உச்சிப் பனியில் வாழ்கிறவை, குளிரறையில்தான் வளரும். பனிக்காலம் முடிவதற்குள் வளர்த்துக் காட்டாவிட்டால் எனக்கு இந்த ஆய்வுக்கூடத்தில் வேலை இல்லை என்று தலைவி மேடம் சொல்லிவிட்டார்.

ஜனவரி 14

வந்துவிட்டன. ஊசிமுனை அளவில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். வெளியே மேசைக்குக் கொண்டுவந்து, விளக்கடியில் வைத்து ஆசை தீரப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளே வந்தாலும் மஃப்ளரைக் கழற்றாத மனிதர், எல்லோருக்கும் அவர் மஃப்ளர்தான். “அடிக்கடி வெளிய எடுக்காதீங்க” என்றார். நான் பார்த்தால் இவருக்கு என்ன வந்தது?

ஜனவரி 20

புள்ளிகள் அப்படியே நிற்கின்றன. தினமும் காலையில் எடுத்துப் படம் பிடித்து ஒப்பிடுகிறேன். துளிகூட வளரவில்லை.

குளிரறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று மஃப்ளரிடம்.

ஜனவரி 22

அக்காவிடம் போனில் சொன்னேன். “நீ சின்ன வயசுலயே சந்தேகப் பிராணி. நான் பாதி குடுத்த மிட்டாயக் கூட அளந்து பாப்பே” என்று சிரித்தாள். அளந்ததில் தப்பென்ன? பெரிய பாதி எப்போதும் அவளிடம்தான் இருந்தது.

ஜனவரி 27

என் தட்டுகள் இடம் மாறியிருந்தன. கேட்டேன். “கதவுப் பக்கம் சூடு அடிக்குது. அதான் பின்னாடி தள்ளி வச்சேன்” என்றார், கூசாமல். தொட்டதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். இதைவிட என்ன வேண்டும்?

பிப்ரவரி 2

மேடத்திடம் சொல்லிவிட்டேன். மஃப்ளரை எதிர்க் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் வாதாடவில்லை. சாவியை என் மேசையில் வைத்து, “பாத்துக்கங்க” என்றார். அவ்வளவுதான். குற்றம் செய்யாதவன் இப்படியா போவான்?

புதிய தட்டுகள் வைத்தேன்.

பிப்ரவரி 5

அறிக்கைக்கு ஒரு பக்கம் எழுதினேன். குளிரில் வெண்ணெய் இறுகும், நல்லெண்ணெய் இளகியே இருக்கும். இந்தக் கிருமிகளின் மேல்தோலில் இருக்கும் கொழுப்பு நல்லெண்ணெய் மாதிரி. அதனால்தான் உறையாமல் பிழைக்கின்றன. சில, பனிக்கட்டி தங்களைக் குத்திக் கிழிக்காதபடி ஒரு புரதத்தையும் சுரக்கின்றன. ஆனால் எல்லாமே இளக்கமாக இருப்பதால், கொஞ்சம் சூடு பட்டாலும் குலைந்துவிடும். நன்றாக எழுதியிருப்பதாக மேடம் சொன்னார்.

பிப்ரவரி 17

புதிய தட்டுகளிலும் புள்ளிகள் வந்தன, நின்றுவிட்டன. சாவி இரண்டும் என்னிடம்தானே இருக்கு? அப்புறம் எப்படி? போறதுக்கு முன்னாடி நகல் எடுத்து வெச்சிருப்பாரோ — இருக்கும். அமைதியா இருக்கிறவங்களை நம்பவே கூடாது.

மறுபடி புதிய தட்டுகள். கதவில் என் சைக்கிள் பூட்டையும் மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 19

காய்ச்சல்.

பிப்ரவரி 26

இன்னும் எழுந்திருக்க முடியவில்லை. தட்டுகளை யாரும் பார்ப்பதில்லை என்பதே பெரிய கவலை.

மார்ச் 11

இன்றுதான் வேலைக்குப் போனேன். என் பூட்டு மாட்டியபடியே இருந்தது. திறந்தேன்.

எல்லாத் தட்டுகளும் நிறைந்திருந்தன. விளிம்பு வரைக்கும் இளஞ்சிவப்பு.

யாரும் உள்ளே போகவில்லை. நானும் போகவில்லை. கை தன்னால் ஒரு தட்டை எடுத்து வெளியே மேசைப் பக்கம் திரும்பியது, அந்த விளக்கைப் பார்த்ததும் நின்றேன். தினமும் காலையில், தேநீர் குடித்து முடிக்கும் வரை அதனடியில்தான் வைத்திருந்தேன். வேறு யாரும் கொல்லவில்லை. நான்தான்.

தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். “வளந்துடுச்சு. நீங்க சொன்னது சரி. நான் உங்களைப் போய்...” என்றேன்.

மஃப்ளர் நிமிர்ந்து பார்த்தார். “வெளிய எடுத்தீங்களா?”

“இல்ல.”

“நல்லது” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

மார்ச் 12

என் வேலை நீடிக்கும் என்று மேடம் சொன்னார். மஃப்ளரைத் திரும்பக் கூப்பிடும்படி கேட்டேன். கேட்டுப் பார்த்தார்களாம். அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாராம்.

இரண்டு சாவியும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.