பெட்டியின் மேல் என் படம்

ஜூன் 6

பெட்டி அச்சாகி வந்துவிட்டது. மூடியில் என் படம். கீழே, 'ஊட்டச்சத்து நிபுணர் ஜெயஷீலா பரிந்துரைக்கும் குட்டீஸ் மீல்'. கம்பு மாவு பன், பொரிக்காமல் சுட்ட மீன் கட்லெட், அவித்த சோளம், கொய்யாத் துண்டு. உப்பைக் குறைக்க உணவுக் கடை முதலாளி பாண்டியராஜிடம் எவ்வளவு போராட்டம்! நாசரேத்திலிருந்து அம்மா போன். "ஏளா, சர்ச்சுல எல்லாரும் கேக்காவ, ஒம் போட்டோ போட்ட பெட்டி எங்க கிடைக்கும்னு."

ஜூன் 14

பாளை ரோடு கடையில் இடமில்லாத கூட்டம். கம்புக்காக இல்லை, பெட்டிக்குள் வைக்கும் பொம்மைக்காக. பிளாஸ்டிக் முத்துச்சிப்பி. திறந்தால் உள்ளே முத்து நீலமாய் மின்னுகிறது. ஒரு பையன் பன்னைத் தொடாமல் சிப்பியோடு ஓடினான்.

ஜூன் 15

வீட்டில் ஒரு சிப்பியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சின்ன மூடி. ஸ்க்ரூ இல்லை. நகத்தால் நெம்பினதும் திறந்துகொண்டது. பொத்தான் பேட்டரி மேசையில் உருண்டது, மிட்டாய் மாதிரி பளபளவென்று. பிள்ளை விழுங்கித் தொண்டையில் சிக்கினால், எச்சில் பட்டு மின்சாரம் பாய்ந்து உள்ளே சதை வெந்துவிடும்.

தூக்கம் வரவில்லை.

ஜூன் 16

பாண்டியராஜிடம் காட்டினேன்.

"மேடம், நீங்க சாப்பாட்டப் பாருங்க. பொம்மைய நான் பாத்துக்கிடுதேன். அடுத்த லோடுல ஸ்க்ரூ வச்சு வரும்."

"அதுவரைக்கும்?"

"பொம்மை இல்லாம கம்பு பன்னுக்கு எந்தப் பிள்ள வாரான்?"

பெட்டியிலிருந்து என் படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அச்சடித்த பெட்டி தீரட்டும் என்றார்.

ஜூன் 17

உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குப் புகார் எழுதிக்கொண்டு போனேன். பொம்மைக்கு வேறு ஆபீஸ் என்றார்கள்.

ஜூன் 21

கீழ் வீட்டுப் பொன்செல்வியின் மகன் கையில் மூன்று சிப்பிகள். படியிலேயே நிறுத்தி அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பெரியவனுக்கு வெவரம் தெரியும்க்கா. சின்னவ கையில குடுக்க மாட்டேன். நீங்க சொன்ன சாப்பாடுன்னுதான வாரா வாரம் வாங்குதேன்."

பேட்டரிகளைக் கழற்றித் தா என்றேன். பையன் அழுதான். "நாளைக்குத் தாரேன்க்கா" என்றாள்.

ஜூன் 22

போய்க் கேட்டேன். இரண்டு பேட்டரி கொடுத்தாள். மூன்றாவது சிப்பியைக் காணோமாம். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் என்றாள்.

ஜூன் 25

சின்னவள் ஐஸ்வர்யா, மூன்று வயது, நேற்று மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. "சளிக்கா. டாக்டர் மருந்து குடுத்திருக்காவ." பிள்ளைக்கு எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். அப்படியே கக்கினாள்.

"ஏளா, அந்த மூணாவது சிப்பி எங்க?" கத்திவிட்டேன்.

கட்டிலை நகர்த்தினோம். சிப்பி கிடந்தது. மூடி தனியாக. உள்ளே ஒன்றுமில்லை.

ஆட்டோ, ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. நெஞ்சுக்கு நடுவே வெள்ளை வட்டம். உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வண்டியில் பிள்ளை அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஜூன் 26

எடுத்துவிட்டார்கள். உணவுக்குழாய் வெந்திருக்கிறது. ஓட்டை விழுமா விழாதா — சில நாள் போனால்தான் தெரியுமாம்.

ஜூன் 28

பாண்டியராஜ் போன். "பேட்டரி நம்ம பொம்மையிலதுன்னு யார்ட்டயும் சொல்லிராதிய மேடம்."

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் போனையே எடுத்தேன். சாயங்காலம் கடையிலிருந்த பொம்மைகளை எல்லாம் போலீஸ் அள்ளிக்கொண்டு போனதாம். வீட்டுக்குப் போனவை?

ஜூலை 19

ஓட்டை விழவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், மூக்கில் குழாயோடு. வெந்த இடம் சுருங்கினால் மறுபடி மதுரை. பொன்செல்வியின் புருஷன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

அவள் மட்டும் மேலே வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"கஞ்சி குழாயில அடைக்குதுக்கா. என்ன குடுக்கலாம்? நீங்கதான் சொல்லணும்."

முளைகட்டிய கேழ்வரகை அரைத்துப் பாலெடுத்து, நீர்க்கக் காய்ச்சித் துணியில் வடித்துக் கொண்டுபோனேன். டாக்டர் சொன்ன அளவில் பொன்செல்வி மெதுவாகக் குழாயில் விட்டாள். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும், மெல்லுவதுபோல் அசைந்தது.