காரை எடுக்காதே, யாவோர்கா

என் அருமை மகள் யாவோர்காவுக்கு,

அம்மா எழுதுவது. மற்றதை எல்லாம் அப்புறம் படி. முதலில் இது: காரை எடுக்காதே. குழந்தை துன்யாவை அதில் உட்கார வைக்காதே. வாசலில் நிற்கிற வண்டி அப்படியே நிற்கட்டும்.

முந்தாநாள் நீ கூப்பிட்டு, புது பிரேக் சத்தம் போடுகிறது என்றாய். நீ சொன்னதை நான் முழுசாக அவரிடம் சொல்வதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். "புது பேட், புது டிஸ்க், நாலு நாளைக்குக் கீச்சுனு பாடத்தான் செய்யும். ஆஸ்திரியாவுக்கு ஓடுறவளுக்கு வழியில பாட்டு வேணாமா?" என்று நக்கலடித்துவிட்டு வைத்துவிட்டார். அந்தக் கோபத்தில் நீ எங்கள் இருவர் எண்ணையும் பிளாக் செய்துவிட்டாய். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த மனுஷனோடு முப்பது வருஷமாக இருக்கிறேன், எனக்குத் தெரியாதா அந்த வாய்!

இன்று மத்தியானம் மீன் சூப் குடிக்கும்போதுதான் நீ சொன்ன மீதியை அவரிடம் சொன்னேன். கீச்சுச் சத்தம் மட்டுமில்லை, பிரேக்கை மிதித்தால் வலப்பக்கம் 'டக்' என்கிறது, பின்னால் எடுத்து மிதித்தால் மறுபடி 'டக்' என்கிறது என்று நீ சொன்னாயே, அதை. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பின்னால எடுக்கும்போதுமா? நல்லா நினைச்சுச் சொல்லு கோசானா, பின்னால எடுக்கும்போதுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவே இல்லை.

நடந்தது இதுதான். நம் வீட்டுக் காவல் புனிதர் நிக்கோலாவின் திருநாளுக்கு முந்தின நாள் முற்றத்தில் அப்பா உன் காரைத் தூக்கி வைத்துப் புது பிரேக் மாட்டினாரே, அப்போது பாதிரியார் தண்ணீர் மந்திரிக்க வந்துவிட்டார். உன் வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வலப்பக்கச் சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கிற காலிப்பர் இருக்கிறதே, அதைத் தாங்குகிற சட்டத்தின் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கையாலேயே திருகிவிட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியை நகர்த்திவிட்டார். சாயங்காலம் ஸ்பானர் போட்டு இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். சாயங்காலம் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மறுநாள் திருநாள். அன்று நம் வீட்டில் யாராவது ஸ்பானரைத் தொட்டிருக்கிறோமா? வீட்டுத் தலைவர் உட்காரக்கூடக் கூடாது, நாள் பூராவும் நின்று ஊற்றிக் கொடுக்க வேண்டும். மனசில் இருந்த போல்ட் சாராயத்தோடு போய்விட்டது.

அப்புறம்தான் அத்தனை பேர் முன்னால் அந்தச் சண்டை. "குழந்தையத் தூக்கிக்கிட்டுப் போறதுனா போ, திரும்ப என் வாசல மிதிக்காதே" என்றார். "மிதிக்க மாட்டேன்" என்று நீயும் அந்தக் காரிலேயே கிளம்பிவிட்டாய். எனக்கு ஒரு டப்பாவில் கெண்டை மீன் கட்டித் தரக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அந்தப் போல்ட்டுகள் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புமாம். முழுசாகக் கழன்றால் சட்டம் சக்கரத்துக்குள் விழுந்து, சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளுமாம். மலை இறக்கத்தில் என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் எழுந்து போய்ப் பெரிய ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார்.

நாளை விடிந்ததும் நீ உன் ஊர் மலை இறக்கத்தில்தான் ஆஸ்திரியாவுக்குக் கிளம்புகிறாய். பக்கத்து வீட்டுப் போனிலிருந்தும் அடித்துப் பார்த்தோம். தெரியாத எண்ணை நீ எடுப்பதில்லை. மாப்பிள்ளையும் வியன்னாவில் வேலையில் இருக்கிறார் போல, எடுக்கவில்லை. இங்கே பனி கொட்டுகிறது.

அதனால் இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவது உன் அப்பாதான். சாயங்கால பஸ்ஸில் வருகிறார். பனி அதிகமானால் பஸ்ஸை உன் ஊர் மேட்டுக்குக் கீழேயே நிறுத்திவிடுவார்களே என்றேன். "நிறுத்தினா நடப்பேன்" என்றார். பையில் பெரிய ஸ்பானரும் ஜாக்கியும் மட்டும் இருக்கின்றன. மாற்றுத் துணி எடுக்க மறந்துவிட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, அதற்காகத்தான் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரை உள்ளே கூப்பிட உனக்கு மனசில்லாவிட்டால் வேண்டாம். சாவியை மட்டும் கொடு. வாசலில் பனியில் படுத்தே இறுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்கிறார். அப்புறம் நீ எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போ, குழந்தாய். நான் தடுக்க மாட்டேன்.

அவர் கதவைத் தட்டும்போது நீ கிளம்பியிருக்கக் கூடாது, நீயே வந்து திறக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உன் கையே பிரிக்க வேண்டும். புனித நிக்கோலாவிடம் இன்று நான் வேறெதுவும் கேட்கவில்லை.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அம்மா கோசானா