அவர் செய்யாத படகு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. என் ரிமோட் பாய்ப்படகுக்கு அடித்த பெயின்ட் இன்னும் காயவில்லை. உப்புத்தாள் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

கவிழாமல் இருக்க அடியில் ஈயக் குண்டு மாட்டியாயிற்று. தண்ணீர்த் தொட்டியில் விட்டால் மூக்கு தாழ்கிறது. பேட்டரியைப் பின்னால் தள்ள வேண்டும்.

கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் முரளியின் படகும் இதே அச்சுதான். அச்சு நான் செய்தது. அவனுக்கு லேசான குண்டு, உயரமான பாய். எனக்குக் கனமான குண்டு. எது வேகம் என்று ஞாயிறு ஏரியில் தெரியும். "ரிமோட் பொம்ம" என்கிறார் மாமியார். சொல்லட்டும்.

பிப். 5, வியாழன்

கேன்டீனில் ஒருவர்: "உங்க ஊட்டுக்காரரு சூப்பரா போட் செஞ்சிக்கினு இருக்காராமே?"

முரளியைப் பிடித்தேன். "நான் சொல்லலக்கா. அண்ணன்தான் டீக்கடைல போட்டோ காமிச்சாரு."

என் கணவர்! பிசின் நாற்றம் தாங்கவில்லை என்று நான் படகு செய்யும் அறைக்குள்ளேயே வராதவர்.

வீட்டில் கேட்டேன். டிவியை விட்டுக் கண் எடுக்கவில்லை. "சும்மா பேச்சுக்கு சொன்னேன். அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

சட்னி அரைக்கவில்லை. வெறும் தோசை தின்னட்டும்.

பிப். 8, ஞாயிறு

கவரைப்பேட்டைப் பக்கம் ஏரி. நல்ல காற்று. முரளியின் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். இவரும் புதுச் சட்டையில். ஆளாளுக்கு இவர் கையைக் குலுக்கினார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். "அவளும் கூடமாட ஒத்தாச பண்ணா."

கூடமாட.

ரிமோட்டை அவர் கையில் திணித்தேன். "ஓட்டுங்க."

"நீயே ஓட்டேன்."

"செஞ்சவங்கதான ஓட்டணும்?"

சுற்றி வர வேண்டிய மிதவை காற்று வரும் திசையில். பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். இவர் நேரே விட்டார். பாய் படபடத்தது. படகு நின்றது. பின்னோக்கி நகர்ந்து கரையோரக் கோரையில் சிக்கியது. முரளியின் படகு அதற்குள் மிதவையைச் சுற்றிவிட்டது. என் படகு. நானே தோற்க விட்டேன்.

"இன்னாண்ணே, ரிவர்ஸ்ல போவுது?" ஒரே சிரிப்பு.

பேன்ட்டைக்கூட மடிக்காமல் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகைத் தலைக்கு மேல் தூக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. மொத்தமும் அவ செஞ்சது. நான் பொய் சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. நான் படகை வாங்கிக்கொண்டேன். சுக்கான் உடைந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் சொன்னதற்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

பிப். 9, திங்கள்

வேலை விட்டு வந்ததும் சுக்கானை ஒட்ட உட்கார்ந்தேன். முதல் முறையாக அறைக்குள் வந்தார். பிசின் நாற்றத்தில் மூக்கைப் பொத்தவில்லை.

"நான் புடிச்சிக்கவா?"

"தொடாதீங்க."