வறண்ட ஆற்றில் போட்ட கூடாரம்

அண்ணனுக்கு,

இன்று காலைப் பத்திரிகையில் உன் பெரிய அதிகாரி இறந்துபோன செய்தி வந்திருக்கிறது. பாலைவனத்தை அளந்து தந்த மேதையாம். தேநீர் ஆறிப்போகும்வரை அந்தப் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளில் நம் தாராவிச் சந்திலிருந்து சர்வே வேலைக்குப் போன முதல் ஆள் நீ. ராஜஸ்தானிலிருந்து லீவில் வந்தபோது அங்கே நீ அளந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கைப் பற்றியே பேசினாய். சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்காய் நிற்கும் பாறைச் சுவர்கள், நடுவே சொட்டு ஈரமில்லாத மணல் ஆறு.

"தண்ணியே இல்லாத ஊர்ல இவ்வளவு பெரிய பள்ளத்த யாருண்ணே வெட்டுனா?" என்று கேட்டேன்.

"தண்ணிதாம்ட்டி. மண்ணப் புடிச்சி நிறுத்த அங்க புல்லு பூண்டு கெடையாது. என்னைக்கோ ஒருநா பெய்யும். பெஞ்சா அறுத்துக்கிட்டுப் போயிரும்."

உனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தாய். சுவரில் இரண்டு ஆள் உயரத்தில் முள்கிளைகள் சிக்கிக் கிடந்தனவாம். வெள்ளம் அதுவரை வந்த அடையாளம். கூடாரத்தை மேட்டில் போடலாம் என்று அதிகாரியிடம் சொன்னாயாம். கருவிகளைத் தினமும் ஏற்றி இறக்க நேரமில்லை என்று ஆற்றுக்குள்ளேயே போடச் சொல்லிவிட்டார். அவர் மட்டும் மேட்டுப் பங்களாவில் தங்கினார்.

எங்கோ மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வெயில் கொளுத்திய நடுப்பகலில் வெள்ளமாக வந்தது. நீ கரையேறிவிட்டாயாம். "மெஷின்! மெஷினை எடு!" என்று அவர் மேலிருந்து கத்தினாராம். நீ இறங்கினாய். அடிமண் அரித்த சுவர் உன்மேல் சரிந்தது. உன்னோடு வேலை பார்த்தவர் வீட்டுக்கு வந்து சொல்லி அழுதார்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஒருவர் தாளோடு வந்தார். உன் கவனக்குறைவே காரணம் என்று அதில் எழுதியிருந்தது. "அங்கூட்டா லகாவோ, மாஜி" என்று அம்மாவிடம் மைப்பெட்டியை நீட்டினார். நான் தாளைப் படித்துச் சொன்னேன்.

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எம்புள்ள கவனங்கெட்டவன்னு நானே கைநாட்டு வைக்கணுமோ? போகச் சொல்லுட்டி அவன!"

உன் கடிதத்தை அவருக்கு இந்தியில் சொன்னேன். ஃபைலில் வைக்கிறேன், கொடு என்றார். கொடுக்கவில்லை. அதன்பிறகு எவரும் வரவில்லை. எவரும் எதையும் விசாரிக்கவும் இல்லை.

அந்தப் பெரிய அதிகாரியை நான் மன்னிக்கவில்லை. உன்னையும்தான். ஒருதரம் சொன்னவன் ஏன் மறுதரம் சொல்லவில்லை? அவர் கத்தினால் நீ ஏன் இறங்க வேண்டும்?

செம்பூரில் முப்பது வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தேன். மேலே இருப்பவர் தப்பாகச் சொன்னால் எழுந்து நின்று சொல்வேன். காதில் வாங்காவிட்டால் மறுபடியும் சொல்வேன். வாயாடி என்று பெயர் எடுத்தேன், இன்றும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் நான் கத்தியது, இறங்காதே என்று உன்னைப் பார்த்துத்தான், அண்ணே.