கருங்கால் ஏரி உடைப்பை அடைக்க

மண் செழிக்க, மழை பொழிக. வெண்கோ நாட்டு மன்னர் திருமுன் கூடும் மன்றத்தில் மண்சுமப்போர் சார்பில் அமர்த்தப்பெற்ற சாத்தன் வேம்பன் விடுக்கும் ஓலை. கருங்கால் ஏரிக்கரையில் என் இடத்தில் நின்று சுமப்போரை நடத்தும் அக்கை கொற்றிக்கும், கூடை சுமக்கும் அனைவர்க்கும் கஞ்சி குறையாதிருக்க. நரைத்தபின் எழுத்துக் கற்ற கை. கோணலைப் பொறுத்து வாசிக்கச் செய்க.

கூலியில்லா ஊழியத்தை ஒழிக்கும் ஆணை இம்முறையும் முத்திரை பெறவில்லை. கோடையில் கேட்டேன், அறுவடை முடியட்டும் என்றார்கள். முடிந்தது, இளவரசியார் திருமணம் என்றார்கள். இப்போது படைத்தலைவர் தலைநகரில் இல்லையாம். மன்றத்து மெத்தையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து கத்திவிடலாமா என்று நாக்கு துடிக்கிறது. ஆயினும் முன்பு என் முகம் பாராதிருந்தவர்களில் பாதிப்பேர் இன்று நம் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அதனால் பல்லைக் கடித்து அமர்ந்திருக்கிறேன்.

இந்நிலையில் பூதன் கொண்டுவந்த செய்தி என்னைக் குலைத்தது. ஆணை வந்துவிட்டதென்ற வதந்தியை நம்பி, கரையுடைப்பைப் பாதி அடைத்த நிலையில் கூடைகளைப் போட்டுவிட்டீர்களாம். பொய்யென்று தெரிந்தபின்னும் எடுக்கவில்லையாம். "வேம்பன் அரமனைச் சோத்துல கொழுத்துட்டான், அவன நம்பினா நம்ம பேரனும் கூடைதான் தூக்கணும்" என்று அக்கை சொன்னதையும் பூதன் மறைக்கவில்லை.

அக்கா, திட்டு, உனக்கு உரிமையுண்டு. ஆனால் அங்கே கார்முகில் திரண்டுவிட்டதாம். கரை போனால் முதலில் மூழ்குவது நம் குடிசைகள், அடுத்து மூழ்குவது ஆணை. சாட்டையில்லாவிட்டால் இவர்கள் ஒரு கூடை மண்ணும் போடமாட்டார்கள் என்று சொல்லக் காத்திருக்கும் அமைச்சர் எனக்கு எதிரேதான் அமர்ந்திருக்கிறார்.

ஆகவே கட்டளை. கண்காணியின் கொம்பு ஊதியபின் சுமக்கும் மண்தான் அரச ஊழியம்; அதற்குமுன் சுமப்பது அவரவர் சொந்த வேலை. மன்னரும் மறுக்காத பழைய வழக்கம் இது. நாளை முதல் இருள் பிரியுமுன் கரையேறி உடைப்பை அடையுங்கள். கொம்பு ஊதியதும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அமருங்கள். கண்காணி எவ்வளவு கத்தினாலும் எழ வேண்டாம். சாட்டையின்றிக் கரை நிற்பதை மன்றம் வந்து பார்க்கட்டும். நானும் இங்கிருந்து எழமாட்டேன். அடுத்த கூட்டத்தில் கேட்பேன், அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

முத்திரை மோதிரம் எனக்கில்லை; அரக்கில் பெருவிரல் பதித்தேன். இதன்படி நின்று கரை காப்போரின் கால்மண் என் தலைமேலது.