முதல் கியரில் நின்ற வண்டி

என் உயிர் அக்கா, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நெற்றிச்சுட்டி கட்டிவிட்டு உன் நெற்றிக்குப் பொட்டு வைக்க மறந்துபோகிறவளே,

இன்று மத்தியானம் உன் வண்டியை கியரிலிருந்து எடுத்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் வராது. கோபித்துக்கொள்ளாதே.

மாசி மாதம் ஓரிக்கையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் முடித்துவிட்டு வந்தோமே, நினைவிருக்கிறதா? நீ மேக்கப், நான் புடவை மடிப்பு, வழக்கம்போல. வாசலில் காரை நிறுத்தி, முதல் கியரில் தள்ளிவிட்டு இறங்கினாய். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றாய். ஆஸ்பத்திரிக்கு வேறு வண்டியில்தான் போனோம். நீ திரும்பி வரவில்லை.

உன் வண்டி மட்டும் அதே இடத்தில், நீ போட்ட அதே கியரில் ஐந்து மாதம் நின்றது. உன் கை இந்த வீட்டு வாசலில் கடைசியாகச் செய்த வேலை அது. அதை இன்னொரு கை மாற்றிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தேன். சிரிக்காதே.

மத்தியானம் சாப்பிட்டதும் போய் என் சீட்டில், அதுதான் இடது பக்கம், உட்கார்ந்துகொள்வேன். கண்ணாடியை ஏற்றிவிட்டால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். உன் பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. கண் செருகும்போது வண்டி தானாகக் கிளம்பிவிடும். செவிலிமேடு தாண்டி, பாலாற்று மணல் மேல், ஒரு சத்தமும் இல்லாமல் போய்க்கொண்டே இருப்போம். எந்த மண்டபம் அக்கா என்று கேட்டால் நீ சிரிப்பாயே தவிர பதில் சொல்ல மாட்டாய். விழித்துப் பார்த்தால் வண்டி ஒரு விரற்கடை கூட நகர்ந்திருக்காது. அந்தக் கல்யாணம் யாருக்கு அக்கா?

கியரில் போட்டு நிறுத்துவதைப் பற்றி நமக்குள் எத்தனை சண்டை! கியர் பல் தேய்ந்துவிடும், இழுவை போய்விடும் என்று நான் பெரிய இன்ஜினியர் மாதிரி பேசுவேன். ஒருநாள் மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது. பார்த்தாயா, இதற்குத்தான் சொன்னேன் என்றேன். நீ ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்:

"கியர் மேல பழி போடாதடி. கல்யாண வூட்டுல மூணு பந்தி துன்னுட்டு பக்கத்துல உக்காந்துக்கினு வரியே, அந்த பாரம்தான் இழுக்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை. பந்தியில் உட்காரவும் இல்லை.

வெளியில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கும் இழுப்பாய், கியரிலும் போடுவாய். வீட்டு வாசலில் கியர் மட்டும்தான். நம் தெரு கால்வாய்ப் பக்கம் சரிவதால் பின் சக்கரத்துக்குச் செங்கல் வைப்பது என் வேலை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மாதிரி நானும் பெருமையாக நிற்பேன்.

ஸ்டீயரிங் பக்கம் நான் ஏன் போகவே மாட்டேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். வண்டி வாங்கிய வருஷம், ஆயுத பூஜை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நீ முன்னால் கற்பூரத் தட்டோடு நின்றாய். பாட்டுப் போடலாம் என்று நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கியரில் நிற்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? கிளட்ச் மிதிக்காததால் வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. நீ கோலத்தின் மேல் குதித்து ஒதுங்கினாய். கற்பூரம் காட்டுவதற்கு முன்பே பழமெல்லாம் கூழ். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அன்று இறங்கியவள்தான், அப்புறம் அந்தச் சீட்டில் நான் உட்காரவே இல்லை. உன் மேல் ஏற்றியிருப்பேனே அக்கா.

இப்போது ஆடித் திருவிழா. அம்மன் தேர் நம் தெருவுக்குள் வர உன் வண்டி வழிவிட வேண்டும். கோயில்காரர்கள் மூன்று நாளாகத் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார்கள். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்று மேளச் சத்தம் தெருமுனைக்கே வந்துவிட்டது. ஐந்தாறு பேர் வந்து தள்ளினார்கள், அசையவில்லை. ஒருவர் கதவைத் திறந்து கியர் கம்பியில் கை வைக்கப் போனார். கையை எடுங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் மேளமே ஒரு நொடி நின்றது. சாமி வரும் நேரத்தில் தெருவே பார்க்க நின்று அழுதேன்.

உன் மெக்கானிக் பாய்தான் முனை ஷெட்டிலிருந்து எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டயர் ஒரு பக்கமாக அமுங்கியிருக்கிறது, பேட்டரி செத்துவிட்டது என்றார். ஐந்து மாதம் கியரிலேயே இருந்ததால் கியர்பாக்ஸ் போயிருக்குமா என்று கேட்டேன்.

"இன்ஜின் ஓடாதப்போ பல்லு எங்கம்மா தேயும்? சும்மா புடிச்சுக்கினு நிக்குது, அவ்ளோதான். ஹேண்ட் பிரேக் இழுத்து வுட்டிருந்தா பேஞ்ச மழைக்கு பிரேக் ஒட்டிக்கினு, சக்கரமே சுத்தாது. உங்க அக்கா விவரமாத்தான் நிறுத்தி வச்சுது."

நீ சொன்னதுதான் சரி. ஊரே கேட்க ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

நான் எடுக்கட்டுமா என்று பாய் கேட்டார். தலையாட்டினேன், வேண்டாம் என்று. அவர் டிரைவர் பக்கக் கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "கியர்ல போட்டு நிறுத்தறவங்க திரும்ப எடுக்கறதுக்குத்தான்மா நிறுத்தறாங்க. வோணாம்னு வுட்டுட்டுப் போறவங்க இவ்ளோ அக்கறையா நிறுத்த மாட்டாங்க."

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் உன் சீட்டில் உட்கார்ந்தேன். உன் உயரத்துக்கு வைத்த சீட், என் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. சீட்டை நகர்த்த மனசு வரவில்லை, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டேன். கியர்க் குமிழில் உன் விரல்பட்ட குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் மேலேயே கையை வைத்து, கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளினேன். வண்டி மெதுவாகப் பின்னால் சாய்ந்து, நான் வைத்த செங்கல்லில் போய் முட்டி நின்றது. இவ்வளவு நாள் நீதான் பிடித்துக்கொண்டிருந்தாயா?

தள்ளி ஓரம் கட்டினார்கள். தேர் போனது. அம்மன் முகத்தில் மஞ்சள் வெயில் விழுந்தது, நீ பூசுகிற நிறம். சாயங்காலம் பாய் வேறு பேட்டரி மாட்டிக் கிளப்பினார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இழுவை ஒரு குறையும் இல்லை என்றார். வாசலில் கடைசியாக நிறுத்தியது நான்தான். கிளட்ச், முதல் கியர், சாவி. அப்புறம் இறங்கிச் செங்கல்.

அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேருகிறேன். இப்போது மண்டபங்களுக்கு மேக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில்தான் போகிறேன். கண் மை உன் அளவுக்கு வரவில்லை, பெண்கள் பெரிய மனது பண்ணி ஒன்றும் சொல்வதில்லை. இனி அந்தப் பெட்டி இடது பக்கத்துச் சீட்டில் வரும். சீட்டையும் ஒருநாள் முன்னால் நகர்த்துவேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்னால் முடியும் அக்கா.

இந்த ஆயுத பூஜைக்கு நானே வண்டியை எடுப்பேன். கிளட்ச்சை மிதித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்புவேன். நீ கற்பூரம் காட்டி முடிக்கிற அளவு நேரம் காத்திருந்து, அதற்கப்புறம்தான் பழத்தின் மேல் ஏற்றுவேன். இது சத்தியம். நீ பயப்படாமல் முன்னாலேயே நில்.

செங்கல் வைக்கிற உன் தங்கச்சி,
மல்லிகா